குரல் கேட்டாத்தான்

இல்லண்ணா, போடமாட்டேன்னு சொல்லல. போடறேன். ஆனா வந்த உடனே மிஷின்ல பட்டுனு எஸ்னு அழுத்திட முடியாது, அதுக்கு ஒரு மொறை இருக்கு. நீங்க மொதல்ல உட்காருங்க. லிஃப்ட் வேற ஓடல, மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, எப்படி மூச்சு வாங்குது பாருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்குக் கால் ஆடும். இதுல உட்காருங்க. ம்ம். பைய இப்படிக் குடுங்க. இதுதானா அக்கா மிஷினு, கம்பெனி குடுத்த லேப்டாப்பு? ஐயய்யோ, மூலையெல்லாம் நசுங்கிக் கெடக்கே. கீழ விழுந்துருச்சா? சரி சரி, விழுந்துதான் இருக்கும்.

உங்கள என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னே தெரியல. அவங்க எனக்கு அக்கான்னா நீங்க மாமா முறை. எனக்கு வாய் வரல, கூச்சமா இருக்கு. அண்ணான்னே கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுக்காரரே சொல்வாரு, உன் வாயில இருந்து ஒரு வார்த்தைய வரவழைக்கறதுக்குள்ள எனக்குத் தாடி நரைச்சிடும்னு. ஹெட்போன மாட்டிவிட்டா ஊர் உலகத்துக்கே பதில் சொல்லுவேன். எதிர்ல ஒரு ஆள் உட்கார்ந்தா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். இன்னைக்கு என்னமோ கொட்டிக்கிட்டே இருக்கேன்.

பாப்பாவா? எதிர் வீட்டு ஆன்ட்டி தூக்கிட்டுப் போயிருக்காங்க. வேலை நேரத்துல அவங்கதான் பார்த்துக்குவாங்க. பல்லு மொளைக்குது அவளுக்கு, கையில கெடைச்சதெல்லாம் கடிக்கறா. போன வாரம் என் ஹெட்போன் வயரையே கடிச்சு வச்சுட்டா. நல்லவேளை, அறுந்து போகல. கம்பெனிக்கு என்ன காரணம் எழுதறது? எலி கடிச்சிருச்சுன்னா எழுதறது?

இதோ, தொறந்துட்டேன். பாருங்க, வட்டமா சுத்துது இல்ல? கொஞ்ச நாளா எங்க கம்பெனி வலைக்கு வெளிய இருந்த மிஷின் இல்லையா, அதான் எல்லாத்தையும் சரிபார்த்துட்டுத்தான் வரும். நாம அவசரப்பட்டா அது கேக்காது. சுத்தட்டும்.

ஒரு எஸ்ஸுக்கு ஏன் இவ்ளோ கூத்துன்னு கேக்கறீங்க. நியாயந்தான். எங்க வேலை என்னன்னு அக்கா சொல்லியிருப்பாங்களே. நீங்க கேட்டதில்லையா? ஒண்ணுமில்லண்ணா, ரத்தம் குடுத்துட்டுப் போறவங்க, ஸ்கேன் எடுத்துட்டுப் போறவங்க எல்லாம் போன் பண்ணுவாங்க, ரிசல்ட் வந்துருச்சான்னு. நாங்க பார்த்துட்டு, வந்துருச்சு, வந்து வாங்கிக்கங்கன்னு சொல்லணும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு சொல்லக்கூடாது. சொல்லுன்னாலும் எனக்குப் புரியாது, அது வேற விஷயம். ஆறாவதோட நின்னவ நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். குரல் நல்லா இருக்கு, பொறுமையாப் பேசறேன்னுதான் எடுத்தாங்க. சில பேரு அழுவாங்கண்ணா. நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன், வந்து வாங்கிக்கங்கன்னு மட்டுந்தான் சொல்லியிருப்பேன், என் குரல்ல என்ன கேட்டுச்சோ, அழ ஆரம்பிச்சிடுவாங்க.

முன்னாடி எல்லாரும் ஆபீஸுக்குத்தான் போனோம். அப்புறம் கட்டடத்த காலி பண்ணிட்டாங்க. வீட்ல இருந்தே செய்யுங்கன்னு ஆளுக்கு ஒரு மிஷினக் குடுத்தாங்க. அப்ப ஒருத்தர் வந்து பாடம் எடுத்தாரு. நாங்க அவருக்கு வலைக்காரர்னு பேர் வச்சோம், எதக் கேட்டாலும் வலை வலைன்னே சொல்வாரு. எல்லாரும் போற ரோட்டுல நோயாளிங்க விவரத்த அனுப்பினா எவன் வேணா எட்டிப் பார்ப்பானாம். அதனால எங்க மிஷினுங்க மட்டும் தங்களுக்குள்ள ஒரு வலை பின்னிக்குமாம். என் மிஷின்ல இருந்து அக்கா மிஷினுக்கு நேரா. அக்காகிட்ட இருந்து மேடத்துக்கு நேரா. மேடம்னா எங்களுக்கு மேல இருக்கறவங்க. நடுவுல ஒரு பெரிய ஆபீஸ், ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதெல்லாம் கெடையாது. ஒரு முடிச்சு அறுந்தாலும் மத்த முடிச்சுங்க தாங்கிக்கும். வெளிய நிக்கறவனுக்கு உள்ள என்ன போகுதுன்னு ஒண்ணும் தெரியாது.

கம்பெனிக்கா? கம்பெனிக்கும் தெரியாதுண்ணா. வேலை போன் எல்லாம் பதிவாகும். ஆனா நானும் அக்காவும் எங்களுக்குள்ள பேசிக்கறது எங்கயும் பதிவாகாது. எனக்கும் அவங்களுக்கும் மட்டுந்தான். ஏன், அக்கா உங்ககிட்ட சொல்லலையா அத? அக்காவோட போன நீங்க தினம் எடுத்துப் பார்ப்பீங்க போல. இல்ல இல்ல, தப்புன்னு சொல்லல. புருஷன்னா பார்க்கறதுதான். போன்ல பார்க்கலாம், இதுல பார்க்க முடியல, அதான் உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு போல.

என்ன பேசிக்குவோமா? அட, என்ன பேசுவோம், பொம்பளைங்க பேச்சு. பாப்பா பால் கக்குறது. சட்டையில எண்ணெய்க் கறை போகலன்னா என்ன போட்டுத் தேய்க்கறது. போன் பண்றவங்க எப்படியெல்லாம் திட்டினாங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் நடிச்சுக் காட்டுவோம். அக்கா ரொம்ப நல்லா பண்ணுவாங்க. ஒருநாள் காலைல சொல்றாங்க, அடியே குட்டி, உன் வீட்டுக்காரர் குறட்டை என் காதுக்குள்ள லாரி ஓட்டுதுடி, மொதல்ல அவருக்கு ரிசல்ட் என்னன்னு பாருன்னு. எனக்குச் சிரிப்பு அடங்கல, மேடம் கூப்பிட்டுத் திட்டினாங்க. குட்டின்னுதான் கூப்பிடுவாங்க என்ன. கட்டடத்த காலி பண்ணினப்புறம்தான் அவங்க வேலைக்குச் சேர்ந்தாங்க, நேர்ல பார்த்ததே இல்ல. குரல் மட்டுந்தான். குரல வச்சே உருவம் பண்ணி வச்சிருக்கேன் மனசுல. உயரமா, கொஞ்சம் பூசினாப்ல. அப்படித்தான் இருப்பாங்களா? ஒல்லியா? ஓ.

உங்களப் பத்தியா? இல்லண்ணா. ஒரு வார்த்தை சொன்னதில்ல. ரோஷக்காரங்க. ஒரே ஒருநாள் குரல் ஒரு மாதிரி கொழகொழன்னு இருந்துச்சு. என்னக்கான்னு கேட்டேன். ஒதடு வெடிச்சிருக்குடி, பனின்னாங்க. வெளிய வெயில் மண்டையப் பொளக்குது. நானும் சரிக்கா, வெண்ணெய் தடவுங்கன்னு சொல்லிட்டு வேலையப் பார்த்தேன். என் புத்தி அவ்ளோதான்.

சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. நான் என்னண்ணா பண்றது, அடுப்பா ஊதி விடறதுக்கு? நீங்க அழுத்த முடியாது. எஸ் என் மிஷின்ல இருந்துதான் போகணும், அதுவும் என் விரல வச்சாத்தான். உங்க விரல வச்சா பீப்புனு கத்தும். உட்காருங்க.

எங்க விட்டேன்? ஆங், வலை. வலைக்குள்ள வரணும்னா பாஸ்வேர்டு மட்டும் பத்தாது. பாஸ்வேர்ட திருடலாம், எட்டிப் பார்க்கலாம், ஏன், ரெண்டு போட்டுக்கூட வாங்கலாம்னு சொன்னாரு வலைக்காரர். எல்லாரும் சிரிச்சோம் அன்னைக்கு. அதனால எங்க கம்பெனில ஆளுக்கு ஒரு ஜோடி. காலைல அக்கா மிஷினத் தொறந்தா எனக்கு மணி அடிக்கும். நான் எடுத்துப் பேசணும். குரலக் கேக்கணும். இது அவங்கதானா, நல்லா இருக்காங்களா, பக்கத்துல யாராவது நின்னுக்கிட்டுப் பேசச் சொல்றாங்களா, இதெல்லாம் மனசுல பட்டா எஸ். அப்பதான் அக்கா பேருக்குப் பக்கத்துல பச்சை எரியும். எனக்கு அவங்க இதே மாதிரி போடணும். கல்யாணத்துல கூட இப்படிக் கேட்டு யாரும் எஸ் சொல்லலைன்னு அக்கா சொல்வாங்க.

பச்சை எரியலன்னா? அதான் உங்களுக்கே தெரியுமே. மேடம் போன் பண்ணிச் சொன்னாங்கல்ல. கம்பெனில இருந்து ஆள் வந்து மிஷின எடுத்துக்கும். வீட்டுக்கே வருவாங்க. உள்ள வந்து, யாருக்குக் குடுத்தாங்களோ அவங்க கையாலயே திருப்பி வாங்கிக்கிட்டுத்தான் போவாங்க. அக்கா கையால. வேற யார் குடுத்தாலும் வாங்க மாட்டாங்க. அதானே உங்களுக்கும் வேணாம்னு இருக்கு, எவனோ எதுக்கு வீட்டுக்குள்ள வந்துக்கிட்டுன்னு. எனக்குப் புரியுதுண்ணா. ஒரு எஸ் போட்டுட்டா பச்சை எரியும், யாரும் வரமாட்டாங்க. அதுக்குத்தான் நான் போன்ல சொன்னேன், குரல் கேக்க முடியலன்னா மிஷின ஜோடி வீட்டுக்கு நேர்ல கொண்டாந்தா போதும், பார்த்துட்டுப் போட்டுடலாம்னு. நீங்களும் பாவம், அத நம்பி இவ்ளோ தூரம் வந்துட்டீங்க.

ஒரு நிமிஷம், இதுக்கு ஒரு பதில் போட்டுக்கறேன். வேலைதாண்ணா. காலைல இருந்து ஓயல.

அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு? ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லக்கூடாதா? இப்பவே போட்டுக் குடுங்களேன், ஹலோன்னு சொன்னாப் போதும், நீங்க கெளம்பிப் போயிட்டே இருக்கலாம். எங்க போயிருக்காங்க? அம்மா வீட்டுக்கா? போன்ல தொண்டை கட்டிக்கிச்சு, படுத்திருக்கான்னு சொன்னீங்க. ஓ, தொண்டை கட்டினதால அம்மா வீட்டுக்கு. சரிதான், உடம்புக்கு முடியலன்னா யாருக்கும் அம்மாகிட்டப் போகணும்னுதான் தோணும். அம்மாதான் வந்து கூட்டிட்டுப் போனாங்களா? நீங்களே பஸ் ஏத்தி விட்டீங்களா? அம்மாதான் வந்தாங்களா. அப்படியா. எப்ப வருவாங்கன்னு சொன்னாங்களா அவங்க அம்மா?

இல்லண்ணா, நான் எதுக்குக் குறுக்குக் கேள்வி கேக்கப் போறேன். என் மூஞ்சியப் பார்த்தா வக்கீல் மாதிரியா இருக்கு? பேசிக்கிட்டு இருந்தா நேரம் போகுமேன்னு. போன மட்டும் உங்ககிட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க போல. அக்கா நம்பர்ல இருந்துதான நீங்க என்னக் கூப்பிட்டீங்க. மறந்திருப்பாங்க, சரி. அவசரத்துல அம்மா கூடப் போறவங்களுக்கு போன் ஞாபகமா இருக்கும்?

கத்தாதீங்கண்ணா. எதிர் வீட்ல பாப்பா தூங்கிட்டு இருப்பா. நான் என்ன தப்பாக் கேட்டேன்? கூடப் பொறந்தவங்க மாதிரி பழகினவங்களக் கேக்கக்கூடாதா? தினம் காலைல அவங்க குரலக் கேட்டுத்தான் எனக்குப் பொழுதே விடியும். இப்ப கொஞ்ச நாளா மணி அடிச்சா எடுக்கறேன், அந்தப் பக்கம் ஆம்பளை மூச்சு கேக்குது. நல்லாவா இருக்கும்?

மொத நாள் போட்டேனேன்னு கேக்கறீங்க. போட்டேன். நீங்க தொண்டை கட்டிக்கிச்சும்மா, பேச முடியல, போட்டு விடும்மான்னு கெஞ்சினீங்க. போடலன்னா அன்னைய சம்பளம் போயிடும் அக்காவுக்குன்னு நெனச்சேன். குரல் கேக்காம எஸ் போட்டா எனக்கே வேலை போயிடும், அதுவும் தெரியும். அக்காவுக்காகத்தானேன்னு போட்டுட்டேன். அன்னைக்கு ஒருநாள்தான். அப்புறம் போடலையே.

ஏன் போடலையா? சொல்றேன். இருங்க, உங்க போன் அடிக்குது. எடுங்க. இல்ல, எடுத்துப் பேசுங்கண்ணா, நான் என்ன கேக்கப் போறேன். யாரு, பக்கத்து வீட்டுக்காரரா? என்னவாம்?

உங்க வீட்டுக் கதவ ஒடைக்கறாங்களா?

ஆமாண்ணா.

ஒடைக்கத்தான் செய்வாங்க. உட்காருங்க. அந்தக் கதவுப் பக்கம் போகாதீங்க, வெளிய ரெண்டு போலீஸ்காரங்க நிக்கறாங்க. காலைல இருந்து எதிர் வீட்லதான் உட்கார்ந்திருந்தாங்க. ஆன்ட்டி டீ போட்டுக் குடுத்துட்டு இருந்தாங்க. நீங்க படி ஏறும்போதே பார்த்துட்டாங்க உங்கள. என்னத் தொட்டீங்கன்னா உள்ள வந்துடுவாங்க, அதனால நீங்க அப்படியே நிக்கறது நல்லது. ஏன் போடலைன்னு சொல்லிடறேன், கேட்டுக்கங்க.

அந்த மொத நாள் நான் எஸ் போட்டப்புறம் நீங்க மிஷின அப்படியே தொறந்து வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டீங்க. தண்ணி ஊத்துற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. மத்த லைனெல்லாம் தானா மூடிக்கும். ஜோடி லைன் மூடாதுண்ணா, ரெண்டு பேர்ல ஒருத்தர் மூடினாத்தான் மூடும். உங்களுக்கு அது தெரியல. எங்க ஆளுங்களுக்கு மட்டுந்தான் தெரியும். நான் மூடலாம்னு கைய வச்சேன். அப்ப தட்டுற சத்தம் கேட்டுச்சு. பலகையில தட்டற மாதிரி. மொதல்ல பக்கத்து வீட்ல ஆணி அடிக்கறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் குட்டின்னு கேட்டுச்சு. குட்டி, இருக்கியா, கேக்குதா, தண்ணி குடுக்கச் சொல்லுடின்னு. அவங்க மிஷின்லயும் மணி அடிக்கும், அந்தச் சத்தம் அவங்களுக்கு உள்ள கேட்டிருக்கு. நான் இருக்கேன்க்கா, இருக்கேன்னு கத்தினேன். அதுக்குள்ள நீங்க சத்தத்தக் கொறைச்சு வச்சிருந்தீங்க போல. அவங்களுக்குக் கேட்டுச்சோ இல்லையோ, தெரியாது. அப்புறம் தண்ணி ஊத்துற சத்தம் நின்னுச்சு. அவங்களும் நிறுத்திட்டாங்க.

மேடத்துக்கிட்ட சொன்னேன். மேடம் அக்காவோட தம்பியத் தேடிப் பிடிச்சாங்க. தம்பி போலீஸ கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தப்ப நீங்க வாசல மறிச்சு நின்னு, வெளியூர் போயிருக்கான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களாம். புருஷன் பொண்டாட்டி விவகாரம்னு போலீஸ்காரங்க திரும்பிட்டாங்க. நான் கேட்டத எங்கயும் பதிவு பண்ணல, எங்களோடது அவ்ளோ பத்திரமான லைன் இல்லையா, சாட்சிக்கு ஒரு சத்தம் கூட இல்ல. நீங்க உள்ள இருக்கும்போது மறுபடி போய்க் கதவத் தட்டினா அக்காவ என்ன பண்ணுவீங்களோன்னு தம்பிக்குப் பயம். நீங்களோ வீட்ட விட்டு அசையவே மாட்டேங்கறீங்க. வேலைக்குப் போகல, கடைக்குப் போகல, எல்லாம் வாசலுக்கே வருது.

எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுண்ணா. எஸ் போடத் தெரியும், போடாம இருக்கத் தெரியும். போடாம இருந்தா நீங்க என்னத் தேடி வருவீங்கன்னு தோணுச்சு. மேடத்துக்கிட்டச் சொன்னேன், அவங்க சரின்னாங்க. ஆள் வருவாங்கன்னு உங்களுக்கு போன் பண்ணாங்க. மிஷின நேர்ல கொண்டாந்தா ஜோடி எஸ் போடலாம்னு ஒரு சட்டம் சொன்னேனே, அப்படி ஒண்ணு எங்க கம்பெனில கெடையவே கெடையாது. நானா சொன்னது. பொய் சொல்லிப் பழக்கமில்ல எனக்கு.

இதோ என் மிஷின்ல லைன் தொறந்துதான் இருக்கு. மேடம் கேட்டுட்டு இருக்காங்க. அவங்க பக்கத்துல போலீஸ் ஆபீசர் இருக்காரு. கதவ ஒடைக்கணும்னா சும்மா ஒடைக்க முடியாது, ஏதாவது காரணம் வேணும்னு சொல்லியிருந்தாரு. வெளியூர்னு அன்னைக்கு வந்த போலீஸ்கிட்டச் சொன்னீங்க, தொண்டைன்னு என்கிட்டச் சொன்னீங்க, இப்ப அம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்கன்னு சொன்னீங்க. அக்காவுக்கு அம்மா ஏதுண்ணா? எங்க பாப்பா பொறக்கறதுக்கும் முன்னாடியே போயிட்டாங்க. அந்த அம்மா செத்தப்ப உங்களக் கேக்காம அழப் போனதுக்குத்தான் மொத மொத பூட்டி வச்சீங்கன்னு தம்பி சொல்றாரு.

இருங்க, மேடம் எழுதறாங்க. பேசவேண்டியதுதானே, எழுதறாங்க. ஏன்னு தெரியல.

கடைசி ரூம்ல. தரையில. உயிர் இருக்காம். கூப்பிட்டா கண்ணத் தொறக்கலையாம். தூக்கிட்டுக் கெளம்பிட்டாங்களாம். அவ்ளோதான் எழுதியிருக்காங்க.

ரொம்ப ஒல்லின்னு நீங்க சொன்னீங்களே, எவ்ளோ ஒல்லின்னு இப்ப எனக்குத் தெரியணும்னு இல்ல. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவங்க காதுல பேசணும். பக்கத்துல யார் யாரோ நின்னு கூப்பிட்டுட்டு இருப்பாங்க, அதெல்லாம் அவங்களுக்குப் பழக்கமில்லாத குரலுங்க.

கதவத் தொறக்கறேன், கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணா.